காருக்கு அடிபட்ட நாளில் கையில் என்ன வரும்?

காப்பீடு முடியப்போகிறது என்று குறுஞ்செய்தி வந்ததும் நாம் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான். நாலைந்து நிறுவனங்களின் பிரீமியத்தைப் பார்ப்போம். குறைவாக இருப்பதை எடுப்போம். பணத்தைக் கட்டிவிட்டு அடுத்த வருடம் வரை மறந்துவிடுவோம். அந்தப் பாலிசியின் தரம் தெரியவருவது வேறொரு நாளில்: பம்பர் தொங்கிய காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு, அவர்கள் நீட்டும் எஸ்டிமேட்டைக் கையில் வாங்கும் நாளில். அந்தத் தொகையில் நிறுவனம் எவ்வளவு தரும், நம் கையிலிருந்து எவ்வளவு போகும்? இரண்டு பாலிசிகளை ஒப்பிடும்போது முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். பிரீமியத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுவோம். பெரும்பாலான நாடுகளில் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது தேர்ட் பார்ட்டி காப்பீட்டை மட்டும்தான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1927இல் அதைக் கட்டாயமாக்கியது. பிரிட்டனில் 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவில் இன்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அதை வலியுறுத்துகிறது. இந்தச் சட்டங்களின் கவலையெல்லாம், நம் காரால் அடிபட்டவர் நஷ்டஈடு கிடைக்காமல் நின்றுவிடக் கூடாது என்பது. நம் கார் என்ன ஆனது என்று அவை கேட்பதில்லை. தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் வீட்டு மதிலில் போய் மோதினால், மதிலுக்குப் பணம் கிடைக்கும். மோதிய காரின் பானெட்டுக்குக் கிடைக்காது.

ஆக, சொந்தக் காருக்கான காப்பீடு நம் விருப்பம். கடன் வாங்கிக் கார் எடுத்திருந்தால் மட்டும் அந்த விருப்பத்தில் கடன் கொடுத்தவருக்கும் பங்கு உண்டு. அடமானமாக இருக்கும் பொருள் நாசமாகிவிடக் கூடாது என்று அவர் முழுக் காப்பீடு கேட்பார். கடன் முடியும் வரை அதில் பேச்சுக்கு இடமில்லை.

மூன்று படிகள்

பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறினாலும் நம் முன்னால் இருப்பவை மூன்று படிகள்தான். கீழ்ப்படி தேர்ட் பார்ட்டி மட்டும். மேல்படி, நாம் ஓட்டி இடித்ததையும் சேர்த்துக் கொடுக்கும் முழுக் காப்பீடு. இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. நம்மில் பலர் அதைக் கவனிப்பதே இல்லை. பிரிட்டனில் அந்த நடுப்படி தேர்ட் பார்ட்டியோடு தீயும் திருட்டும் சேர்ந்தது. ஜெர்மனியில் அதன் பெயர் டைல்காஸ்கோ: திருட்டு, தீ, ஆலங்கட்டி மழை, புயல், வெள்ளம், கண்ணாடி உடைவது, காட்டு விலங்கு குறுக்கே வந்து மோதுவது ஆகியவை அதில் அடங்கும். நாமே இடித்துக்கொண்டதும், யாரோ வேண்டுமென்றே கீறிவிட்டுப் போனதும் மேல்படியான ஃபோல்காஸ்கோவில்தான் வரும்.

அமெரிக்காவில் இதை இரண்டு தனித்தனிக் காப்பீடுகளாகப் பிரித்திருக்கிறார்கள். மோதலுக்கு கொலிஷன், திருட்டு, தீ, வெள்ளம், விழும் மரம், விலங்கு போன்றவற்றுக்கு காம்ப்ரிஹென்சிவ். பொதுவாக காம்ப்ரிஹென்சிவை மட்டும் தனியாக எடுக்கவும் முடியும். இங்கே ஒரு சிக்கல் கவனிக்கத் தக்கது. மான் குறுக்கே ஓடிவந்து காரில் மோதினால் அது காம்ப்ரிஹென்சிவ். மானைக் காப்பாற்ற ஸ்டியரிங்கை ஒடித்து மரத்தில் மோதினால் அது கொலிஷன். அதே மான், அதே சாலை, அதே நொடி. ஆனால் எந்தக் காப்பீட்டிலிருந்து பணம் வரும், எவ்வளவு கழியும் என்பது மாறிவிடுகிறது. காம்ப்ரிஹென்சிவை மட்டும் வைத்திருப்பவருக்கு இரண்டாவது சம்பவத்தில் ஒன்றும் கிடைக்காது.

காம்ப்ரிஹென்சிவ் என்ற சொல் மற்ற நாடுகளில் முழுக் காப்பீட்டைக் குறிக்கிறது. பேச்சில் ஃபுல் இன்சூரன்ஸ் என்கிறோம். அந்த ‘ஃபுல்’ என்ற வார்த்தைதான் மக்களை ஏமாற்றுகிறது. மலேசியாவில் முழுக் காப்பீடு எடுத்தாலும் வெள்ளம் தானாக வந்துவிடாது. சிறப்பு ஆபத்துகள் என்ற கூடுதல் பிரிவைத் தனியாகச் சேர்க்க வேண்டும். முன்கண்ணாடியும் அப்படியே. இந்தியாவில் வெள்ளம் அடிப்படையிலேயே உண்டு, ஆனால் தண்ணீர் புகுந்த என்ஜினின் கதை வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

நடுப்படியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஏழெட்டு வயதான கார், அனுபவமுள்ள ஓட்டுநர், ஆனால் கார் இரவில் நிற்பது திறந்த வெளியில் என்றால், நடுப்படி கிடைக்கிற நாடுகளில் அதைத்தான் நான் முதலில் விசாரிக்கச் சொல்வேன். கவனமாக ஓட்டுவது நம் கையில் இருக்கிறது. திருடனும் ஆலங்கட்டியும் நம் கையில் இல்லை. ஜெர்மனியில் டைல்காஸ்கோ க்ளெய்ம் வாங்கினால் விபத்தில்லாத ஆண்டுகளுக்கான தள்ளுபடி குறைவதும் இல்லை.

எஸ்டிமேட்டில் இருந்து என்னென்ன கழியும்

இனிதான் விஷயமே. நாடு எதுவானாலும் கணக்கு புரிய வேண்டும் என்பதால், காரின் இன்றைய மதிப்பை 100 என்று வைத்துக்கொள்வோம். மற்றத் தொகைகளையும் அதே அளவில் பார்ப்போம்.

முதல் வெட்டு டிடக்டிபிள். பிரிட்டனிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எக்ஸஸ் என்பார்கள். ஒவ்வொரு க்ளெய்மிலும் முதலில் நாம் ஏற்க வேண்டிய தொகை இது. ஒரு பகுதி நிறுவனம் விதிப்பது. அதற்கு மேல் ‘இன்னும் கொஞ்சம் நானே ஏற்கிறேன்’ என்று நாமாக ஒப்புக்கொண்டால் பிரீமியம் குறையும். 1ஆக இருந்த டிடக்டிபிளை 3ஆக உயர்த்தினால் ஆண்டுப் பிரீமியம் 5இலிருந்து 4.2ஆகக் குறைகிறது என்று வையுங்கள். வருடத்துக்கு 0.8 மிச்சம், அடிபட்டால் கூடுதலாக 2 போகும். இரண்டரை வருடத்துக்கு ஒரு முறையோ அதைவிட அடிக்கடியோ க்ளெய்ம் போடுபவருக்கு இது ஒத்துவராது. பத்து வருடத்தில் ஒரு முறை போடுபவருக்கு நல்ல லாபம். அந்த 3ஐ இன்றைக்கே எடுத்துக் கொடுக்கும் நிலையில் இருப்பவர் தாராளமாக உயர்த்தலாம். மாதக் கடைசியில் கைமாற்று வாங்கும் நிலை என்றால் வேண்டாம். அடிபட்ட கார் ஒர்க்‌ஷாப்பிலேயே நின்றுவிடும்.

டிடக்டிபிளைப் பற்றி ஒர்க்‌ஷாப் போன பிறகே பலருக்குத் தெரியவரும் இன்னொன்று: அது சம்பவத்துக்குச் சம்பவம் தனித்தனியாகக் கழியும். போன மாதம் முன்பம்பரில் ஒரு கீறல், இந்த வாரம் பின்கதவில் ஒரு நசுங்கல் என்றால் அவை இரண்டு க்ளெய்ம்கள். ‘ஒரே விபத்து என்று எழுதிக்கொள்ளலாம்’ என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். முன்னால் மோதிய வேகத்துக்கு பின்கதவு நசுங்காது என்பது, சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயருக்குப் பார்த்ததுமே தெரியும். பொய்யான விவரம் என்று எழுதிவிட்டால் நியாயமாகக் கிடைக்க வேண்டியதும் போய்விடும்.

இரண்டாவது வெட்டு தேய்மானம். அதிகம் வலிப்பது இதுதான். பழைய பாகத்தைக் கழற்றிப் புதியதை மாட்டுகிறீர்கள், அந்த வித்தியாசத்தை நீங்கள்தானே ஏற்க வேண்டும் என்பது நிறுவனத்தின் வாதம். இந்தியாவில் இதற்குத் திட்டவட்டமான அட்டவணையே உண்டு. பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி போன்றவற்றுக்குப் பாதி கழியும். ஃபைபர் கிளாஸ் பாகங்களுக்கு 30 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோகப் பாகங்களுக்குக் காரின் வயதைப் பொறுத்து: முதல் ஆறு மாதம் ஒன்றுமில்லை, பிறகு 5 சதவீதத்தில் தொடங்கி ஏறிக்கொண்டே போய், பத்து வயதைத் தாண்டிய காருக்கு 50 சதவீதம்.

இன்றைய காரின் முன்பக்கத்தைப் பாருங்கள். பம்பர், கிரில், ஹெட்லைட் உறை, வீல் ஆர்ச் லைனிங் எல்லாம் பிளாஸ்டிக். சாதாரண மோதலில் முதலில் உடைபவையும் அவைதான். நாலரை வயதுக் கார் ஒன்றுக்கு எஸ்டிமேட் 30 வருகிறது என்று கொள்வோம். பிளாஸ்டிக் 10, உலோகம் 12, கூலி 8. பிளாஸ்டிக்கில் பாதி போக 5. நாலு முடிந்து ஐந்துக்குள் இருக்கும் காரின் உலோகத்துக்கு 35 சதவீதம் கழிய 7.8. கூலி முழுதாக 8. மொத்தம் 20.8; அதில் டிடக்டிபிள் 1 கழித்தால் 19.8. மீதி 10.2 நம் பையிலிருந்து. ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ வைத்திருப்பவர் பில்லில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டிவிட்டு வருகிறார்.

இந்த வெட்டைத் தவிர்க்கத்தான் ஜீரோ டெப், அதாவது டெப்ரிசியேஷன் எனும் தேய்மானத்தைக் கழிக்காத கூடுதல் பிரிவு. அதை எடுத்திருந்தால் மேலே சொன்ன விபத்தில் 10.2க்குப் பதில் 1 மட்டும் கொடுத்திருப்போம். அந்தப் பிரிவுக்கு வருடத்துக்கு 1 கூடுதலாகக் கட்டுகிறோம் என்றால், ஒன்பது வருடத்தில் இப்படி ஒரே ஒரு விபத்து வந்தாலும் கட்டியது திரும்பிவிடும். முதல் ஐந்து வருடங்களுக்கு இது தவிர்க்கக் கூடாத செலவு என்பேன், அதுவும் இப்போதுதான் ஓட்டக் கற்றவர் வீட்டில் இருந்தால். வருடத்துக்கு எத்தனை க்ளெய்ம், எத்தனை வயதுக் கார் வரை என்று பல நிறுவனங்கள் எல்லை வைத்திருக்கும். அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். டெப்ரிசியேஷனில் இருந்துதான் விடுதலை, டிடக்டிபிளில் இருந்து இல்லை என்பதையும்.

அட்டவணை இல்லாத நாடுகளில் வெட்டு வேறு வேடத்தில் வரும். டயர், பேட்டரி போன்று இயல்பாகத் தேயும் பாகங்களுக்கு மட்டும் கழிப்பார்கள். மற்றவற்றில் கழிக்க மாட்டார்கள். ஆனால் கார் நிறுவனத்தின் அசல் பாகத்துக்குப் பதில் வேறு தயாரிப்பாளரின் பாகத்தையோ, பழைய காரில் கழற்றியதையோ போட பாலிசி அனுமதிக்கும். எந்தப் பாகம் போடுவார்கள், எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம் என்ற இரண்டும் அங்கே விலையைவிட முக்கியமான கேள்விகள்.

மூன்றாவது வெட்டு பில்லில் தெரியாது; அடுத்த வருடப் பிரீமியத்தில் தெரியும். க்ளெய்ம் போடாத ஆண்டுகளுக்குப் பிரீமியத்தில் தள்ளுபடியாகக் கிடைக்கும் போனஸ் பறிபோவதுதான் அது. இந்தியாவில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். மலேசியாவில் 25இல் தொடங்கி 55 வரை போகும். இந்திய ஏணியையே எடுத்துக்கொள்வோம். போனஸ் இல்லாத பிரீமியம் 5. இப்போது 35 சதவீதத்தில் இருக்கிறோம். பம்பரைச் சரிசெய்ய 4 ஆகிறது, எல்லாக் கழிவும் போக நிறுவனம் 2 தருகிறது. வாங்கலாமா?

வாங்காவிட்டால் அடுத்த வருடம் 45 சதவீதம் போய் 2.75 கட்டுவோம். வாங்கினால் போனஸ் பூஜ்யமாகி 5 முழுதாகக் கட்ட வேண்டும். வித்தியாசம் 2.25. முதல் வருடத்திலேயே வாங்கியதைவிட அதிகமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அதற்கு அடுத்த வருடம் 2.5க்குப் பதில் 4; அதற்கும் அடுத்த வருடம் 2.5க்குப் பதில் 3.75. மூன்று வருடத்தில் மொத்தம் 5 கூடுதலாகப் போகிறது, 2 வாங்கியதற்கு. கார் பழையதாகப் பழையதாகப் பிரீமியமும் இறங்கும் என்பதால் நடைமுறையில் கொஞ்சம் குறையலாம், ஆனால் திசை மாறாது. சிறிய கீறலுக்கெல்லாம் க்ளெய்ம் போடுவது நம் பணத்தை நாமே தள்ளுபடி விலைக்கு விற்பது போன்றது. போனஸைப் பாதுகாக்கும் கூடுதல் பிரிவு சில இடங்களில் கிடைக்கிறது. போனஸ் உச்சத்தில் இருப்பவர் அதன் விலையைக் கேட்டுப் பார்க்கலாம்.

கார் மொத்தமாகப் போனால்

நான்காவது வெட்டு எப்போதாவதுதான் விழும், விழுந்தால் மிகப் பெரியதாக விழும். கார் திருடுபோனாலோ, சரிசெய்ய முடியாத அளவு நொறுங்கினாலோ நிறுவனம் கொடுப்பது நாம் வாங்கிய விலையை இல்லை. அன்றைய மதிப்பை மட்டும்தான். எப்போது ‘மொத்த இழப்பு’ என்று அறிவிப்பார்கள் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். இந்தியாவில் பழுதுச் செலவு பாலிசியில் எழுதியிருக்கும் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால். நியூயார்க் மாநிலத்திலும் 75தான். டெக்சாஸில் 100 சதவீதம் வரை போக வேண்டும்.

அந்த மதிப்பை எப்படித் தீர்மானிக்கிறார்கள்? ஒரு முறை, விபத்துக்குச் சற்று முன் அதே மாடல், அதே வயது, அதே கிலோமீட்டர் ஓடிய கார் சந்தையில் என்ன விலைக்குப் போயிருக்கும் என்று பார்ப்பது. இதில் பேரம் பேச இடமுண்டு. அதே போன்ற கார்களின் விற்பனை விளம்பரங்களையும் சர்வீஸ் ரசீதுகளையும் காட்டி நல்ல தொகை வாங்கியவர்கள் உண்டு. இன்னொரு முறை, தொடக்கத்திலேயே இருவரும் ஒரு தொகையை ஒப்புக்கொண்டு பாலிசியில் எழுதிவிடுவது. பழம்பெரும் கார்களுக்கும், நிறைய மாற்றங்கள் செய்த கார்களுக்கும் இதுவே பாதுகாப்பு.

இந்தியாவில் ஐடிவி என்று பாலிசியில் எழுதும் மதிப்பு வயதை ஒட்டி இறங்கும்: ஆறு மாதம் வரை 5 சதவீதம் கழிவு, நாலு முதல் ஐந்து வயதுக்குள் 50 சதவீதம். ஐந்து வயதுக்கு மேல் இருவரும் பேசி முடிவு செய்வது. பிரீமியத்தைக் குறைவாகக் காட்ட வேண்டும் என்பதற்காகவே ஐடிவியைக் கீழே இறக்கிக் கொட்டேஷன் தருவது விற்பனையில் நடக்கிற வழக்கம். இரண்டு கொட்டேஷன்களில் ஒன்று கொஞ்சம் மலிவாக இருந்தால், முதலில் ஐடிவி ஒன்றுதானா என்று பாருங்கள். பிரீமியத்தில் சில்லறை மிச்சமாகும். கார் திருடுபோனால் கிடைக்கும் தொகையில் 100க்குப் பத்து பதினைந்து குறையும்.

கடன் இருப்பவர்கள் இங்கே இரட்டை அடி வாங்குவார்கள். புதுக் காரின் மதிப்பு முதல் இரண்டு வருடங்களில் வேகமாக இறங்கும், கடன் மெதுவாகத்தான் இறங்கும். மதிப்பு 100, கடன் பாக்கி 115 என்ற நிலையில் கார் நொறுங்கினால் காப்பீட்டுப் பணம் முழுவதும் கடன் கொடுத்தவரிடம் போகும். அதற்கு மேலும் 15 கட்ட வேண்டியிருக்கும், டிடக்டிபிள் வேறு. ஓட்ட கார் இருக்காது, தவணை மட்டும் இருக்கும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இந்த இடைவெளியை நிரப்ப கேப் காப்பீடு இருக்கிறது. இந்தியாவில் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்ற பிரிவு இன்வாய்ஸ் விலைக்கும் ஐடிவிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தரும். முன்பணம் குறைவாகப் போட்டு நீண்ட தவணையில் கார் எடுத்தவர்கள் வேறு எந்தக் கூடுதல் பிரிவை விட்டாலும் இதை விடக் கூடாது. கடன் பாக்கி மதிப்புக்குக் கீழே வந்த வருடம் கேப்பை நிறுத்திவிடலாம்.

தண்ணீர்

என் நண்பர் ஒருவர் இரவு பெய்த மழைக்கு மறுநாள் காலை வந்து பார்த்தால், காரின் கதவு வரை தண்ணீர் நின்று வடிந்த தடம். உள்ளே எல்லாம் ஈரம். ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருகினார். உறுமிவிட்டு நின்றது. மறுபடி திருகினார். சீட்டுக்கும், தரைவிரிப்புக்கும், வயரிங்குக்கும் காப்பீடு கிடைத்தது. என்ஜினுக்குக் கிடைக்கவில்லை.

அன்று அவர் பட்ட வேதனையைப் பார்த்ததால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சிலிண்டருக்குள் இருக்கும் காற்றை பிஸ்டன் அமுக்க முடியும். தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் மேலே ஏறும் பிஸ்டன் பாறையில் முட்டியது போல் நிற்கும், கனெக்டிங் ராட் வளையும். சில சமயம் என்ஜின் பிளாக்கே உடையும். தண்ணீர் நின்றது இயற்கைப் பேரிடர், ஸ்டார்ட் செய்தது அதற்குப் பின் நீங்கள் செய்த செயல், ஆகவே அது தொடர்விளைவு என்று நிறுவனம் பிரித்துவிடும். தொடர்விளைவுச் சேதத்தை அடிப்படைப் பாலிசி ஏற்பதில்லை. என்ஜின் புரொடெக்ட் என்ற பிரிவு இதற்காகத்தான் விற்கப்படுகிறது. தண்ணீர் தேங்கும் பகுதியில் வண்டி நிறுத்துகிறவர், சாலையை மூடிய வெள்ளத்தில் ஓட்ட வேண்டியிருப்பவர் இதை எடுக்கலாம். பிரிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், தண்ணீர் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லி, டோ செய்து ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள். ரேடியேட்டரோ எண்ணெய்ச் சட்டியோ உடைந்த பிறகும் ‘வீடு வரை போய்விடலாம்’ என்று ஓட்டி என்ஜின் சிக்கிக்கொண்டால் அதற்கும் இதே பதில்தான் வரும்.

மின்சாரக் கார்களில் என்ஜின் இல்லை, அந்தக் கவலை பேட்டரிக்கு இடம் மாறுகிறது. காரின் மதிப்பில் மிகப் பெரிய பங்கு தரைக்கு அடியில் இருக்கும் அந்தப் பெட்டிதான். சாலையில் கிடக்கும் கல் அதன் உறையில் அடித்துவிட்டால், வெளியே கீறல்கூடத் தெரியாத கார் மொத்த இழப்பு எல்லைக்குப் போக முடியும். அடிப்பக்க மோதல், தண்ணீர், சார்ஜ் ஏறும்போது மின்னழுத்தம் தாறுமாறாவது ஆகிய மூன்றுக்கும் பேட்டரிக்குக் காப்பீடு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புதிய பெட்ரோல் கார்களிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது: முன்கண்ணாடிக்குப் பின்னால் கேமரா. கண்ணாடியை மாற்றினால் கேமராவை மறுபடி அளவீடு செய்ய வேண்டும், அதற்குத் தனிச் செலவு. கண்ணாடிக் காப்பீட்டில் அந்த அளவீடும் சேருமா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

தப்பு எதிராளி மேல் என்றால்

‘நான் ஒழுங்காக ஓட்டுகிறேன், இடித்தவன் கொடுக்கட்டும்’ என்று தேர்ட் பார்ட்டியோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. நியாயம் அவர்கள் பக்கம்தான். ஆனால் கொடுக்க வேண்டியவர் நிற்க வேண்டுமே. இடித்துவிட்டு ஓடியவர், காப்பீடே இல்லாதவர், தப்பை ஒப்புக்கொள்ளாதவர் என்று மூன்று வகையினரிடமும் நாம்தான் போராட வேண்டும். பிரிட்டனில் காப்பீடு இல்லாதவரால் பாதிக்கப்பட்டவர்களுக்காக 1946இல் இருந்தே தனி அமைப்பு இயங்குகிறது. எல்லா நாட்டிலும் அந்த வசதி இல்லை. இந்தியாவில் எதிராளியின் காப்பீட்டிலிருந்து கார் சேதத்துக்குப் பணம் பெற மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டியிருக்கும். ஒரு கதவு நசுங்கியதற்காக அந்தப் படி ஏறுகிறவர்கள் மிகக் குறைவு.

முழுக் காப்பீடு இருந்தால், நம் நிறுவனம் நம் காரைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை எதிராளியின் நிறுவனத்திடம் அதுவே கேட்டுக்கொள்ளும். அலைச்சல் நம்முடையது இல்லை. சில நாடுகளில் வசூலானதும் நம் டிடக்டிபிளும் திரும்பி வரும். மலேசியாவில் தப்பு நம்முடையது இல்லாத மோதலில் சொந்த நிறுவனத்திடமே க்ளெய்ம் போட்டாலும் போனஸ் பறிபோகாத ஒரு ஏற்பாடு உண்டு. என் பார்வையில் முழுக் காப்பீட்டுக்கான வலுவான காரணமே இதுதான்: தப்பு செய்யாதபோது தெருத்தெருவாக அலையாமல் இருப்பது.

எந்தப் பாலிசியிலும் கிடைக்காதவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். தேய்ந்துபோன கிளட்ச், தானாகப் பழுதான கியர்பாக்ஸ் போன்றவை காப்பீட்டின் வேலை இல்லை. குடித்துவிட்டு ஓட்டியது, லைசன்ஸ் இல்லாதவர் ஓட்டியது, சொந்த உபயோகம் என்று எழுதிக்கொடுத்த காரை வாடகைக்கு விட்டது எல்லாம் பணம் வராத இடங்கள். கடைசியாகச் சொன்னதில் இப்போது நிறையப் பேர் மாட்டுகிறார்கள், ஓய்வு நேரத்தில் ஆப் டாக்ஸி ஓட்டினாலும் அது வணிக உபயோகம்தான். சில நாடுகளில் பாலிசியில் பெயர் எழுதாத ஒருவரோ, மிக இளையவரோ ஓட்டியிருந்தால் டிடக்டிபிள் ஏறிவிடும். கல்லூரிக்குப் போகும் பிள்ளை ஓட்டுவதாக இருந்தால் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

சரி, யாருக்கு எது?

கடன் உள்ள கார், ஐந்து வயதுக்குள் இருக்கும் கார், அல்லது அந்தக் கார் போனால் வேலைக்கே போக முடியாது என்ற நிலை: முழுக் காப்பீடு, தேய்மானம் கழிக்கிற நாடாக இருந்தால் அதைத் தவிர்க்கும் பிரிவோடு. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

யோசிக்க வேண்டியது பழைய காருக்குத்தான். சொந்தக் காருக்கான பிரீமியம் காரின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அதை விட்டுவிடலாம் என்று அமெரிக்காவில் ஒரு வழக்கமான கணக்குச் சொல்வார்கள். தொடக்கத்துக்கு அது உதவும். ஆனால் அதோடு முடிவு செய்துவிடுவதை நான் ஏற்க மாட்டேன். மதிப்பு குறைந்த காரை வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. இன்னொரு கார் வாங்கும் வசதி இருந்தும் பழசையே ஓட்டுகிறவர் ஒருவர். அவர் தேர்ட் பார்ட்டியோடு நிறுத்தி, மிச்சமாகும் பிரீமியத்தைத் தனியாகச் சேர்த்து வைக்கலாம். அந்தப் பழைய கார் போனால் மறுபடி ஒன்றை வாங்கவே முடியாதவர் இன்னொருவர். சந்தையில் சிறிய தொகையாகத் தெரிவது அவருக்குப் பெரிய தொகை. அவர் மேல்படியிலோ, குறைந்தது நடுப்படியிலோ, டிடக்டிபிளைக் கொஞ்சம் உயர்த்தியாவது இருக்க வேண்டும்.

கொட்டேஷன்களை ஒப்பிட நான் பின்பற்றும் முறை இது. மேலே போட்ட அதே எஸ்டிமேட்டை, பிளாஸ்டிக் இவ்வளவு, உலோகம் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று உங்கள் நாட்டுப் பணத்தில் எழுதி, விலை சொன்ன ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். ‘என் காருக்கு இந்த பில் வந்தால் நீங்கள் எவ்வளவு தருவீர்கள், கார் திருடுபோனால் எவ்வளவு தருவீர்கள், அடுத்த வருடம் என் பிரீமியம் என்ன ஆகும்’ என்று மூன்று கேள்வி. தொலைபேசியில் வேண்டாம், மின்னஞ்சலில். சிலர் பதிலே போட மாட்டார்கள். சிலர் ‘பாலிசி விதிகளுக்கு உட்பட்டது’ என்று ஒரு வரி அனுப்புவார்கள். ஓரிருவர் மட்டும் உட்கார்ந்து கணக்குப் போட்டு அனுப்புவார்கள். பிரீமியத்தை ஒப்பிடுவதை அந்த ஓரிருவருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.